பஸ்ஸில் வரும் ‘ப’, பல்லில் வரும் ‘ப’

அவருடைய தொண்டையில் என் இரண்டு விரல்கள் இருந்தன. என் தொண்டையில் அவருடைய இரண்டு விரல்கள்.

ராஸ் அல் கைமாவிலிருந்து துபாய்க்குத் திரும்பும் வழியில், ஒரு பெட்ரோல் பம்பின் ஓரமாக வேனை நிறுத்தியிருந்தேன். பொழுது சாய இன்னும் அரை மணி நேரம் இருக்கும். டாஷ்போர்டில் இரண்டு காகிதக் கப்பில் கரக் டீ ஆறிக்கொண்டிருந்தது. கண்ணாடி துடைக்க வந்த ஆள் எங்களைப் பார்த்துவிட்டு, துடைக்காமலே அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். இரண்டு ஆண்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யார்தான் கிட்டே வருவார்கள்?

“ம்ம்ம்” என்றேன் நான்.

“ம்ம்ம்” என்றார் அவர்.

அவர் இலங்கையில் ஒரு தலைமுறையையே சிரிக்க வைத்த சிங்கள நகைச்சுவை நடிகர். நான் அவருக்கு மூன்று நாள் வேன் ஓட்டிய டிரைவர். போன மாதம் அவர் காலமான செய்தி வந்ததிலிருந்து, அந்த பெட்ரோல் பம்பைப் பற்றி யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போல இருக்கிறது. சொல்ல ஆளில்லை. அதனால் இந்த வாரம் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

ஒரு எழுத்துச் சண்டை

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். இல்லாவிட்டால் மேலே எழுத முடியாது.

தமிழில் ‘ப’ ஒன்றுதான். ஆனால் நாம் ‘பஸ்’ என்று சொல்லும்போது தொண்டை அதிர்கிறது, ‘பல்’ என்னும்போது அதிர்வதில்லை. சிங்களத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. பஸ் ‘ப’ போட்டு ‘பய’ என்றால் பயம். பல்லு ‘ப’ போட்டு ‘பய’ என்றால் பாதம், கால். எங்கள் வவுனியாப் பக்கத்தில் பயத்தையே பல்லு ‘ப’ போட்டுத்தான் சொல்வோம். பிறகு எங்கே சிங்களம் சரியாக வரும்?

“பய வென்ன எப்பா” என்றால் சிங்களத்தில் ‘பயப்படாதே’ என்று அர்த்தம். அதையே ஒரு தமிழன் பல்லு ‘ப’ போட்டுச் சொன்னால் ‘பாதமாகிவிடாதே’ என்று ஆகிவிடும். சிங்களவர்களுக்கு விழுந்து விழுந்து சிரிக்க இது போதும்.

இந்த ஒரு எழுத்தில்தான் அவருடைய வாழ்க்கை ஏறியது.

வடே முதலாளி

அவருடைய சொந்தப் பெயரை எழுதப் போவதில்லை. இலங்கையில் அவரைச் சொந்தப் பெயரால் யாரும் கூப்பிட்டதும் இல்லை. எல்லாருக்கும் அவர் ‘வடே முதலாளி’. வடே என்றால் வடைதான், நம்மிடமிருந்து போன சொல்.

தெற்கே ஒரு கடற்கரை ஊரில், நாடகக் குழு ஒன்றில் திரை இழுப்பவராகத் தொடங்கியவர். ஒருநாள் கயிறு காலில் சிக்கி, திரையோடு சேர்ந்து மேடைக்கு நடுவில் விழுந்தாராம். சனம் சிரித்த சிரிப்பில் கதாநாயகன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். மறுநாளும் விழச் சொன்னார்கள். அப்படியே சினிமாவுக்கு வந்து, ஏழெட்டுப் படங்களில் கிணற்றிலும் சேற்றிலும் விழுந்துகொண்டிருந்தார்.

பிறகு ஒரு படத்தில் வடைக்கடை வைத்திருக்கும் தமிழனாக நடித்தார். கடைக்குள் கத்தியோடு திருடன் வருகிறான். முதலாளி பலகைக்குக் கீழே ஒளிந்து, தொடை நடுங்க, வாடிக்கையாளர்களுக்குத் தைரியம் சொல்கிறார்: “பய வென்ன எப்பா!” பல்லு ‘ப’. படம் ஓடியது அந்த ஒரு வரிக்காக. அதன்பின் எல்லாப் படத்திலும் அவர் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. போலீஸ்காரனாக நடித்தபோதும் சொன்னார், பேயாக நடித்தபோதும் சொன்னார். சினிமா படுத்த பிறகு தொலைக்காட்சித் தொடர், அதுவும் குறைந்த பிறகு வெளிநாட்டு மேடைகள்.

அப்படித்தான் துபாய்க்கு வந்தார். சிங்களவர் சங்கம் ஒன்று கூப்பிட்டிருந்தது. சங்கத்துக்காரருக்குச் சிங்களம் தெரிந்த டிரைவர் வேண்டும். எங்கள் கம்பெனியில் இருந்தது நான் ஒருவன்தான்.

வேனுக்குள் ஒரு பிழை

விமான நிலையத்தில் அவரைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. திரையில் உருண்டையாக இருந்தவர் வற்றிப்போயிருந்தார். கையில் ஒரு சின்னப் பெட்டி, ஒரு மருந்துப் பை.

“பெயர் என்ன, மல்லி?” என்று கேட்டார். மல்லி என்றால் தம்பி.

“ரவி, மாத்தையா” என்றேன். மாத்தையா என்றால் ஐயா.

ரவி நல்ல பெயர். தமிழனுக்கும் பொருந்தும், சிங்களவனுக்கும் பொருந்தும். என் சிங்களத்தில் ஒரு பிசிறு இருக்காது. இருபது வருடமாகச் சிங்களவர்கள் என்னைத் தங்கள் ஆள் என்றே நினைத்திருக்கிறார்கள், நானும் திருத்தியதில்லை. அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், சிரித்திருக்கிறேன். நான் தமிழன் என்று தெரிந்துவிட்டால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் மாறிவிடுமோ என்ற நினைப்பு எப்போதும் உள்ளே இருக்கும். அதனால் எவரோடும் ஒட்டியதில்லை.

வண்டி கிளம்பியதும் அவர் சோறு கிடைக்குமா என்று கேட்டார். சோற்றுக்குச் சிங்களத்தில் ‘பத்’, பஸ் ‘ப’. அவர் பல்லு ‘ப’ போட்டுக் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் சிங்களவன் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, தமிழன் மாதிரிப் பேசிக் காட்டுகிறார் மனுஷன். விமானத்திலிருந்து இறங்கி அரை மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் தொடங்கிவிட்டார் என்று வயிறு எரிந்தது. ஆனாலும் வழக்கம்போல ஒரு சிரிப்புச் சிரித்து வைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கராமாவில் ஒரு கடையில் சோறு வாங்கிக் கொடுத்தேன். குனிந்தபடி சாப்பிட்டார். இடது கடைவாயில் பருப்பு வழிந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

சோதனைச்சாவடி

என் வயிறு ஏன் எரிந்தது என்றும் சொல்லிவிட வேண்டும்.

அப்பா கொழும்பில் புறக்கோட்டையில் ஒரு இரும்புக்கடையில் பன்னிரண்டு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். நாடு கெட்ட பிறகு வவுனியாவுக்கு வந்துவிட்டார். எப்போதாவது அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் கொழும்பிலிருந்து வருவார். அப்பா வாசலுக்கே ஓடிப்போய் “பண்டா அய்யே!” என்று கட்டிக்கொள்வார். அய்யே என்றால் அண்ணன். இரண்டு பேரும் முற்றத்தில் உட்கார்ந்து சிங்களத்தில் பொரிந்து தள்ளுவார்கள். எனக்கு ஒன்றும் விளங்காது.

எனக்குப் பதினைந்து வயதில் ஒரு காலை, நானும் அப்பாவும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். சாவடியில் எங்களை வரிசையிலிருந்து பிரித்து ஒதுக்கி நிறுத்தினார்கள். என்னைக் காட்டி அப்பாவிடம் ஏதோ கேட்டார்கள். அந்த நாட்களில் பதினைந்து வயதுப் பிள்ளையை ஒதுக்கி நிறுத்தினால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆர்மிக்காரர்களில் ஒருவனுக்கு முதல் நாள் தொலைக்காட்சியில் பார்த்த படம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். “வடே முதலாளி மாதிரிச் சொல்லு பார்ப்போம்” என்றான். அது மட்டும் எனக்கு விளங்கியது.

அப்பா சொன்னார். “பய வென்ன எப்பா.” பல்லு ‘ப’. சொன்னதோடு நிற்காமல் தொடையையும் நடுக்கிக் காட்டினார்.

அவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். இன்னொரு தரம் என்றார்கள். அப்பா இன்னொரு தரம் சொன்னார். அடையாள அட்டையைத் திருப்பித் தந்து, போகச் சொல்லிவிட்டார்கள்.

கொஞ்ச தூரம் நடந்த பிறகு அப்பா மெல்லச் சொன்னார்: “சிரிச்சிட்டாங்கள். இனிப் பிரச்சினை இல்லை, நட.”

நான் மூன்று நாள் அப்பாவோடு பேசவில்லை. அவ்வளவு வெட்கம். என்னை வைத்து ஒருவனும் இப்படிச் சிரிக்கக் கூடாது என்று, அந்த ‘ப’வை நானே எனக்குப் பழக்கினேன். கிணற்றடியில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் பழகினேன். அப்பா பார்த்துக்கொண்டு போவார், ஒன்றும் கேட்க மாட்டார்.

கேம்பில் கைதட்டல்

மூன்றாம் நாள் ராஸ் அல் கைமாவில், ஒரு செராமிக்ஸ் பேக்டரியின் தொழிலாளர் கேம்பில் நிகழ்ச்சி. வெள்ளிக்கிழமை பின்னேரம். சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஒன்று சேர்த்து மேடை. வந்திருந்தவர்களின் செருப்பிலும் கண்ணிமையிலும் வெள்ளைத் தூசி. பெரும்பாலும் சிங்களவர்கள். பின்வரிசையில் தமிழ்நாட்டு ஆட்களும் சிலர், பாஷை தெரியாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டு.

அவர் விழுந்தார், எழுந்தார், நடுங்கினார். எழுபதைத் தாண்டிய உடம்பு. கூடம் அதிர்ந்தது.

முடிவில் மைக்கைக் கிட்டே பிடித்துக்கொண்டு, நடிப்பை எல்லாம் விட்டுவிட்டுப் பேசினார். குடும்பத்தைப் பிரிந்து கிடக்கிறீர்கள், எனக்குத் தெரியும் என்றார். முன்வரிசையில் ஒருவன் கண்ணைத் துடைத்தான். பிறகு அவர் ஒரு மூச்சு எடுத்து, நிதானமாகச் சொன்னார்: “பய வென்ன எப்பா.”

பல்லு ‘ப’.

கூரை பிய்ந்துபோகும்படி சிரித்தார்கள். விசிலடித்தார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்தி, மறுபடி சொன்னார். மறுபடியும் அதே ‘ப’. இன்னும் சிரித்தார்கள். நான் பக்கவாட்டில் நின்றதால் அவருடைய முகம் தெரிந்தது. வாயை வளைத்து வளைத்துப் பார்க்கிறார், வரமாட்டேன் என்கிறது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். கிணற்றடியில் நான் வைத்திருந்த முகம்.

அவர் சரியாகச் சொல்லத்தான் பார்த்தார். அந்தக் கூடத்தில் என்னைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியவில்லை.

“நீ ஏன் பழகினாய்?”

கேம்பிலிருந்து கிளம்பி நெடுஞ்சாலைக்கு வந்தோம். பிறகு அவரே தொடங்கினார். பேசியது சிங்களத்தில், நான் எங்கள் ஊர்த் தமிழில் தருகிறேன்.

“போன வருஷம் வாய் ஒரு பக்கம் இழுத்தது, மல்லி. எல்லாம் திரும்பி வந்திட்டுது. அந்த ஒரு எழுத்து மட்டும் வரயில்லை.”

நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் நான் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்து காது சுட்டது.

“நாளைக்குக் காலமை நந்தாவுக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன்” என்றார். நந்தா அவருடைய மனைவி. “இந்த நிகழ்ச்சியை ஒத்துக்கொண்ட பிறகுதான் தேதி தந்தாங்கள். அவளுக்குப் பயம். கலியாணம் கட்டின நாள் முதல் அவள் பயப்படுற நேரமெல்லாம் நான் அந்தக் கோமாளி வசனத்தைத்தான் சொன்னனான். ஒருநாளாவது ஒரு மனுசன் மாதிரிச் சொன்னதில்லை. இண்டைக்குச் சொல்லோணும்.”

“வேற மாதிரிச் சொல்லலாமே, மாத்தையா. வேற சொல்லுகள் இருக்குத்தானே.”

“நான் கெடுத்தது இந்தச் சொல்லை. வேற சொல்லைச் சொல்லி என்ன பிரயோசனம்?”

எனக்கு உதவி செய்ய மனமில்லை. உண்மையைத்தான் எழுதுகிறேன். உன்னால்தான் என் அப்பா நடுத்தெருவில் தொடை நடுங்கிக் காட்டினார், இப்போது உனக்கே வரவில்லையா, நன்றாக வேண்டும் என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. ஒரு பத்து நிமிடம் அந்தக் குரலோடு ஓட்டினேன். பக்கத்தில் அவர் தனக்குள்ளே ‘பய, பய’ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். பெட்ரோல் பம்ப் தெரிந்ததும் வண்டியைத் திருப்பினேன்.

“நான் சொல்லித் தாறன்” என்றேன். “நான் பழகி எடுத்த எழுத்துத்தான் அது.”

“நீ ஏன் பழகினாய்?”

“நான் தமிழன், மாத்தையா.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். டீ வாங்கி வந்தேன். சாவடிக் கதையைச் சொன்னேன். படத்தின் பெயரைக் கூடச் சொன்னேன். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கப்பை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார்.

“ஸ்டூடியோ வாசலில வடை விக்கிற ஒருத்தர் இருந்தவர்” என்றார். “அவரைப் பார்த்துத்தான் பழகினேன். ‘மாத்தையா, நீங்க பிழையைச் சரியா விடுறியள் இல்லை’ எண்டு அவரே திருத்துவார். ஒரு கலவரத்துக்குப் பிறகு அவர் வரவேயில்லை. அவரைத் தேடோணும் எண்டு நினைச்சபோதுதான் தெரிஞ்சுது, எனக்கு அவரின்ர பெயரே தெரியாது. வடே முதலாளி எண்டுதான் நாங்கள் எல்லாரும் கூப்பிட்டனாங்கள்.”

நான் கையை நீட்டி, அவருடைய தொண்டையில் இரண்டு விரலை வைத்தேன். அதிர்வு எப்படி இருக்கும் என்று தெரிய, அவருடைய இரண்டு விரலை எடுத்து என் தொண்டையில் வைத்துக்கொண்டேன்.

மாம்பழ வழி

என் வழி எளிது. சிங்களத்தில் மாம்பழத்துக்கு ‘அம்ப’. ‘ம்’முக்குப் பின்னால் வரும் ‘ப’ தானாகவே அதிரும், நாம் ‘அம்பு’ என்று சொல்வது போல. முதலில் ‘அம்ப’. பிறகு ‘அ’வை விட்டுவிட்டு ‘ம்ப’. பிறகு ‘ம்’மை வாய்க்குள்ளேயே விழுங்கிவிட வேண்டும். மிஞ்சுவது பஸ் ‘ப’.

“அம்ப” என்றார். விரலில் அதிர்ந்தது.

“ம்பய.”

“நல்லது. இப்ப ‘ம்’மை விழுங்குங்கோ.”

“பய.” பல்லு ‘ப’.

“கலாஸ், என்னால முடியாது” என்றார். ‘முடிந்தது’ என்பதற்கு, துபாய்க்கு வந்த மூன்றாம் நாளே எல்லாரும் கற்றுக்கொள்ளும் அரபுச் சொல் அது.

விடவில்லை. பத்துத் தடவை, இருபது தடவை. டீயில் ஆடை படிந்தது. திடீரென்று ஒரு முறை வந்தது. அவருடைய தொண்டை என் விரலுக்குக் கீழே அதிர்ந்தது. “பய வென்ன எப்பா.” அச்சு அசல் பஸ் ‘ப’. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “மறக்கிறதுக்கு முதல் போனைத் தா” என்று அவசரப்படுத்தினார்.

கொழும்பில் அப்போது இருட்டியிருக்கும். வார்டில் யாரோ எடுத்து நந்தா அம்மாவிடம் கொடுத்தார்கள். மாத்தையாவுக்குக் காது மந்தம், அதனால் எங்கள் பக்கத்தில் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

சாப்பிட்டாயா, ஊசி போட்டார்களா என்றெல்லாம் கேட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, தன் தொண்டையைத் தானே பிடித்துக்கொண்டு, சொன்னார்.

“நந்தா. பய வென்ன எப்பா.”

வந்துவிட்டது. சுத்தமாக வந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய குரல்: “ஏன் இப்படிச் சொல்லுறீங்க?”

“என்ன?”

“டொக்டர் உங்களுக்கு என்ன சொன்னவர்? எனக்கு மறைக்கிறீங்கள். நான் பிழைக்க மாட்டேனா?” குரல் உடைந்தது. “நீங்கள் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை.”

அவர் என்னைப் பார்த்தார். அவ்வளவு பெரிய நடிகர், வாயைத் திறந்தபடி, வழி தெரியாமல் என்னைப் பார்த்தார். போனில் நந்தா அம்மா அழுதுகொண்டிருந்தார்.

நான் அவர் காதருகே குனிந்தேன். என் வாயால் நான் சொல்லுவேன் என்று ஒருநாளும் நினைக்காததைச் சொன்னேன்.

“மாத்தையா, பிழையாச் சொல்லுங்கோ. எங்கட ஆக்கள் மாதிரிச் சொல்லுங்கோ.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேன் சீட்டிலேயே தொடை நடுங்கத் தொடங்கியது. “நோனா, நோனா” என்று கடைக்கு வந்த சீமாட்டியைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார். “கத்தியோட டொக்டர் வாறான். பய வென்ன எப்பா!” பல்லு ‘ப’.

நந்தா அம்மா அழுகைக்கு நடுவில் சிரித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “பைத்தியம்” என்றார். “பேசாமப் போய்ப் படுங்கோ. காலமை கதைப்பம்.”

பன்னிரண்டு வருடம்

துபாய் வெளிச்சம் தெரியத் தொடங்கிய பிறகு அவர் கேட்டார்.

“உன்ர அப்பா கொழும்பில எவ்வளவு காலம் இருந்தவர் எண்டு சொன்னாய்?”

“பன்னிரண்டு வருஷம். புறக்கோட்டையில.”

“பன்னிரண்டு வருஷம் புறக்கோட்டையில கணக்கு எழுதின மனுசனுக்கா அந்த எழுத்து வராது?”

நான் வண்டியின் வேகத்தைக் குறைத்தேன்.

“தொடையையும் நடுக்கிக் காட்டினவர் எண்டாய். நடிச்சிருக்கிறார், மல்லி. எனக்குத் தெரியாதா?”

பண்டா அய்யே. வாசலுக்கு ஓடிப்போய் அப்பா கூப்பிடும் குரல் எனக்குக் கேட்டது. பஸ் ‘ப’. வேறெப்படி இருக்கும்? என் பிள்ளைப் பருவம் முழுவதும் நான் கேட்ட குரல். ஒரு தடவை கூட அதை நினைத்துப் பார்க்கவில்லை.

ஹோட்டல் வாசலில் இறங்கி, என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். பிறகு நாங்கள் சந்திக்கவில்லை. போன மாதம் இறுதிச் சடங்கை போனில் பார்த்தேன். அந்த வடைக்கடைக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். நந்தா அம்மாவையும் காட்டினார்கள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நேராக உட்கார்ந்திருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை, அவரை ஹோட்டலில் இறக்கிவிட்டு அறைக்கு வந்தபோது, பக்கத்துக் கட்டில் செய்யது சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். கீழக்கரைக்காரர், துணிக்கடையில் வேலை. வடே முதலாளிக்கு வண்டி ஓட்டினேன் என்றேன்.

“யாருண்ணே அது? சிங்களப் பட நடிகரா? நமக்கு எங்கண்ணே தெரியும்” என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

உண்மைதானே. இந்த அறையில் யாருக்கும் அவரைத் தெரியாது. அவரைத் தெரிந்தவர்களுக்கு என்னைத் தெரியாது. எங்கள் இருவரையும் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். அவர் போய்ப் பதினொரு வருடமாகிறது. லீவு கிடைக்காமல் நான் முகத்தைக் கூடப் பார்க்கவில்லை.

கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, அப்பா சொன்ன மாதிரிச் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. இருபது வருடப் பழக்கம், விரலுக்குக் கீழே அதிர்ந்துகொண்டே இருந்தது. பிழையாகச் சொல்ல எனக்கு மறந்துபோயிருந்தது.

“என்னண்ணே, யார்ட்ட பேசுறீங்க?” என்று செய்யது கேட்டார்.

“அப்பாட்ட” என்றேன்.